40 கி.மீ. தாண்டினால் இடுப்பும் அடிமுதுகும் பிடிக்குது: எதை முதலில் மாற்றுவது?

காத்துமுகம்
ரோடு பைக். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 170 மி.மீ., ஸ்டெம் (ஹேண்டில்பாரை முன்னால் நீட்டிப் பிடிக்கும் துண்டு) 100 மி.மீ. கவட்டையிலிருந்து தரை வரை கால் உயரம் 80 செ.மீ. கிராங்க் அச்சு நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை 74 செ.மீ. ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது அடிமுதுகு இறுகிடுது. இறங்கி நின்னா முன் இடுப்பு உடனே நிமிர மாட்டேங்குது. வலி காலுக்கு இறங்கலை. ஸ்டெம் 80 மி.மீ. வாங்கணுமா?

கிராங்க்165
ஸ்டெம்முக்கு இப்போ காசு போடாதீங்க. சீட் உயரத்தைப் பாருங்க. கால் உயரத்தை 0.883-ஆல் பெருக்குறது ஒரு சூத்திரம்: 80 × 0.883 = 70.6 செ.மீ. நீங்க 3 செ.மீ.க்கு மேல தூக்கி வச்சிருக்கீங்க. பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது கால் எட்டாம இடுப்பு இடமும் வலமும் சாயும். அந்த ஆட்டத்தைத் தாங்குறது அடிமுதுகுத் தசைதான். பின்னாலிருந்து வர்றவரை வீடியோ எடுக்கச் சொன்னா அப்படியே தெரிஞ்சுடும்.

ஒரே நாளில் முழுசா இறக்காதீங்க, முட்டி பேச ஆரம்பிக்கும். 5 மி.மீ. இறக்கி, ரெண்டு மூணு ரைடு போயிட்டு அடுத்த 5 மி.மீ. சூத்திரம் ஒரு குறி மட்டும்தான். குதிகாலை பெடலில் வச்சு, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முட்டி நேராகணும், இடுப்பு சாயக்கூடாது. அங்கே நிறுத்திக்கலாம்.

பலர் கவனிக்காதது: சீட் ட்யூப் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய்) சரிவா இருக்கிறதால (பொதுவா 73 டிகிரி பக்கம்) 3 செ.மீ. இறக்கினா சீட் 9 மி.மீ. முன்னாலயும் வந்துடும். சீட்டை அதன் அடியிலுள்ள கம்பிகளில் (ரெயில்) அந்த அளவு பின்னுக்குத் தள்ளிடுங்க. ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் உள்ள உயர வித்தியாசமும் கிட்டத்தட்ட அதே 3 செ.மீ. குறையும், ஸ்டெம் தேவையான்னு அதுக்கப்புறம் பார்க்கலாம்.

செயின்_லூப்
கிளம்புறதுக்கு முன்னாடி குனிஞ்சு கால் விரலைத் தொட்டு ஸ்ட்ரெச் பண்ணலாமே?

தசைநார்
வேண்டாம். காலையில் எழுந்ததும் முதுகெலும்பு வட்டுகள் நீர் கோர்த்து உப்பியிருக்கும். அப்போ முதுகை வளைச்சுக் குனிஞ்சா அழுத்தம் அதிகம். சைக்கிளிலும் அதே வளைவில்தானே மணிக்கணக்கா உட்காரப் போறீங்க? முதல் 10 நிமிஷம் லேசான கியரில் மிதிக்கிறதே போதும்.

முன் இடுப்பு நிமிராததுக்குக் காரணம், தொடையைத் தூக்கும் தசை மடங்கிய நிலையிலேயே முழு நேரமும் வேலை செஞ்சது. ரைடு முடிஞ்சதும் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் வைங்க. முதல்ல பிட்டத்தை இறுக்கி இடுப்பின் அடிப்பகுதியை முன்னுக்குச் சுருட்டணும், அப்புறம்தான் உடம்பை லேசா முன்னே நகர்த்தணும். பக்கத்துக்கு 30 வினாடி, 2 தடவை. சுருட்டாம சாய்ஞ்சா நீள்றது தசை இல்ல, அடிமுதுகுதான் இன்னும் உள்ளே வளையும். வாரம் 3 நாள் மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி இடுப்பைத் தூக்கும் பயிற்சி: 12 தடவை, 2 சுற்று.

ஈசிஆரில் ஏற்றமே கிடையாது, அதனால யாரும் எழுந்து மிதிக்கிறதில்லை. 10 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கியர் கனமாக்கி 15 மிதி நின்னு மிதிங்க. எதிர்காத்தில் கனமான கியரைப் பிடிச்சுக்கிட்டு நிமிஷத்துக்கு 60 மிதிச் சுற்றில் இழுக்காதீங்க. 80–90க்கு வர்ற மாதிரி கியரை லேசாக்குங்க.

வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ டாக்டரைப் பாருங்க. உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் கட்டுப்பாடு போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

காத்துமுகம்
சீட் மேல புத்தகம் வச்சு, போன் மட்டத்தில் பார்த்தா மூக்கு 3 டிகிரி மேல நிக்குது. அதுவும் காரணமா?

கிராங்க்165
நிச்சயமா. மூக்கு தூக்கியிருந்தா இடுப்பெலும்பு பின்னால் சரியும், முதுகு கூன் போடும். மட்டமா வைங்க, அதிகபட்சம் 1–2 டிகிரி கீழே. அதுக்கு மேல சரிச்சா முன்னால் வழுக்கி கை வலிக்கும். சாய்வைச் சரிபண்ணிட்டு உயரத்தைத் திரும்ப அளங்க, ஏன்னா சாய்வு மாறினா அந்த 74ம் மாறும். தொடறதுக்கு முன்னாடி சீட் போஸ்ட்டில் (சீட்டுக்குக் கீழே உள்ள தண்டில்) பழைய இடத்தில் ஒரு டேப் ஒட்டி வைங்க.