ஒரே நொடியில் 4 ஜிபி: டேட்டா ரேஸில் மாட்டிய அனுபவங்கள்

ஒரே நினைவக இடத்தை இரண்டு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே இயங்கும் பகுதிகள்) ஒழுங்கில்லாமல் ஒரே நேரத்தில் தொட, அதில் ஒன்றாவது எழுதினால் அது டேட்டா ரேஸ். 32 பிட் செயலியில் ஓடும் ரூட்டர் ஒன்றுக்கு நெட்வொர்க் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்த பைட்டுகளைக் காட்டும் வரைபடத்தில் எப்போதாவது 4 ஜிபி உயரத்துக்கு ஒரு முள் எழும். அடுத்த நொடியே பழைய இடத்துக்கு இறங்கிவிடும். வரைபடம் வரையும் நிரலைத்தான் ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிழை என்னுடையது. கவுன்ட்டர் 64 பிட். செயலியோ அதை இரண்டு பாதிகளாகத்தான் படிக்கும். கீழ்ப்பாதி 429 கோடியே சொச்சத்தில் நிரம்பி நிற்கும்போது அதைப் படிக்கிறேன். மேல்பாதிக்குப் போவதற்குள் இன்னொரு கோரில் ஒரு பாக்கெட் வந்து, கீழ்ப்பாதி பூஜ்யத்தைத் தாண்ட, மேல்பாதி ஒன்று ஏறிவிடுகிறது. பழைய கீழ்ப்பாதி, புதிய மேல்பாதி: எந்தக் கணத்திலும் இருந்திராத ஓர் எண் கையில்.

ஒரு கோர் முடிக்கும் வரை மற்றதைக் காக்கவைக்கும் லாக்கை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போட்டால் வேகம் படுத்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இதற்கென்றே வரிசை எண் முறை உண்டு. எழுதும் பக்கம் தொடங்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று கூட்டும். படிக்கும் பக்கம் ஒற்றைப்படையைக் கண்டாலோ, நடுவில் எண் மாறியிருந்தாலோ மறுபடி படிக்கும். அதைப் போட்டேன். இரண்டே நாளில், புள்ளிவிவரம் கேட்ட கட்டளை திரும்பி வரவில்லை! இரண்டு கோர்கள் ஒரே வரிசை எண்ணைக் கூட்டியதில் ஒரு கூட்டல் தொலைந்து, எண் ஒற்றைப்படையிலேயே நின்றிருந்தது. கோருக்கு ஒரு கவுன்ட்டர் என்று பிரித்த பிறகுதான் அடங்கியது.

* * *

மேலே எழுதியவரே, உங்கள் வரைபட முள்ளாவது கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு இரண்டே வரி: சுட்டி (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) வெறுமையா என்று பார், இல்லையென்றால் பயன்படுத்து. இரண்டாவது வரியில் கெர்னல் விழுந்தது. செயலிக்கான கட்டளைகளை (அசெம்பிளி) பிரித்துப் பார்த்தால், நிரலை அப்படி மாற்றித் தரும் கம்பைலர் அந்த இடத்தை நினைவகத்திலிருந்து இரண்டு முறை படித்திருந்தது. இடையில் வேறொரு கோர் அதை வெறுமையாக்கிவிட்டது. ஒரே முறைதான் படிக்க வேண்டும் என்று கம்பைலரைக் கட்டுப்படுத்தும் ரீட் ஒன்ஸ் (READ_ONCE) கொண்டு படித்து உள்மாறியில் வைத்துக்கொண்டேன். படிப்பவர்கள் முடிக்கும் வரை பொருளை விடுவிப்பதை கெர்னலின் ஆர்சியு (RCU) முறை ஏற்கெனவே தள்ளிப்போட்டிருந்ததால் அதுவே போதுமாயிற்று.

* * *

2020-இல் லினக்ஸ் கெர்னலின் 5.8 பதிப்போடு, டேட்டா ரேஸைக் கண்டுபிடிக்கும் கேசிசான் (KCSAN) கருவி வந்தது. ஒரு நினைவக இடத்துக்குக் காவல் வைத்துவிட்டு, சில பத்து மைக்ரோ நொடிகள் வேண்டுமென்றே தாமதிக்கும். அதற்குள் வேறு கோர் தொட்டால் இரு தரப்பின் அழைப்புத் தடங்களையும் கொட்டும். பட்டியலைக் கண்டு மிரண்டு, கண்ட இடமெல்லாம் ரீட் ஒன்ஸ், எழுதுவதற்கான அதன் ஜோடி ரைட் ஒன்ஸ் போட்டு அதன் வாயை அடைத்தேன். நிர்வாகி எப்போதாவது மாற்றும் அமைப்பு மதிப்பு கொஞ்சம் பழையதாக வந்தால் குடிமுழுகிப்போகாது, அங்கே அது சரி. ஆனால் கைவிட்ட பாக்கெட்டுகளை எண்ண இரண்டு கோர்கள் கூட்டும் டிராப் கவுன்ட்டருக்கும் அதையே போட்டிருந்தேன். அறிக்கை நின்றது, கூட்டல்கள் தொலைவது நிற்கவில்லை. படித்து, கூட்டி, எழுதுவதை இடையில் யாரும் நுழைய முடியாத ஒரே செயலாக்கும் அட்டாமிக்குக்கு மாற்றிய அன்றுதான் எவ்வளவு பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தோம் என்பதே தெரிந்தது.