எக்செல் இல்லாமல் ஸ்கிரீன் ரீடரோடு கணக்கு எழுத முடியுமா?

பள்ளத்தூர்க்காரி:

வணக்கம். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். விழித்திரை நோய். முதல் ஏழு வருஷம் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். பிறகு ஒரு எழுத்தே திரை முழுக்க நின்றும் தெரியாமல் போனது. இப்போது முழுக்க, திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர்தான். அதன் கட்டளைகளுக்கு அழுத்தும் இன்செர்ட் சாவியின் மேல் எழுத்து தேய்ந்துவிட்டதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். அது எனக்கு எதற்கு!

பிரச்சினைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரோடு வந்த ஆபிஸ் சந்தா போன மாதம் முடிந்தது. பழைய ஃபைலைத் திறந்து பார்க்க விடுகிறது, எழுத விடவில்லை. முதலாளி, "அதான் ஓசியில் எத்தனையோ இருக்கே" என்று அவருடைய அக்கா மகனைக் கூப்பிட்டு ஒன்றைப் போடச் சொன்னார். பெயர் வேண்டாம். பார்க்க அச்சு அசல் எக்செல் மாதிரியே இருக்கிறதாம், முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. எனக்கோ ஃபைல் பெயரைச் சொல்லிவிட்டு ஊமையாகிவிட்டது. அம்புச் சாவியை எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரு சத்தமில்லை. பக்கத்தில் நின்ற பையன், "கட்டம் நகருதுக்கா, நல்லாத்தானே வேலை செய்யுது" என்கிறான்.

என் வேலை இதுதான். எந்த டிசைன், எந்த அளவு, எத்தனை கல் போட்டது, எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது, யாருக்கு எவ்வளவு போனது, பாக்கி எவ்வளவு என்று ஒரு பெரிய இருப்புக் கணக்கு. மேலிருந்து கீழாகப் பதினான்கு பத்தி. அதோடு விலைக் கடிதங்கள். அவற்றை டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் ஆனியில் கல்யாணமாகிப் போய்விட்டதால் அதுவும் என் தலையில்.

தை பிறந்தால் வரிசையாகப் புதுமனை புகுவிழா. கார்த்திகையிலிருந்தே ஆர்டர் குவியும். அதற்குள் கை பழகுகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கச் சொன்னால் முதலாளியிடம் பேசுகிற வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செக்காலைத் தம்பி:

அக்கா, எக்செல், வேர்ட் வேலை இரண்டையும் செய்யும் லிப்ரே ஆபிஸ் போடுங்கள். இலவசம், சந்தா தொல்லை கிடையாது. நான் உபுண்டு லினக்ஸில் ஆர்கா என்ற ஸ்கிரீன் ரீடரோடும் விண்டோஸில் என்விடிஏவோடும் இரண்டிலும் ஓட்டுகிறேன்.

உங்களுக்குப் போட்டுக் கொடுத்தது ஏன் ஊமையானது என்றால், ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்ப்பதில்லை. "இது கட்டம், இது பொத்தான், இதில் இருப்பது இது" என்று மென்பொருள் விண்டோஸிடம் சொல்லிவைக்க வேண்டும், அதை வாங்கித்தான் என்விடிஏ நமக்குப் படிக்கிறது. சில மென்பொருள்கள் எல்லாவற்றையும் படம் மாதிரி தாங்களே வரைந்துகொண்டு, விண்டோஸிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். கண்ணுக்குக் கட்டம் நகரும், காதுக்கு ஒன்றும் வராது. பையன் பொய் சொல்லவில்லை.

லிப்ரே ஆபிஸில் எக்செல் மாதிரி மேலே பொத்தான்களை அடுக்கிய ரிப்பன் கட்டாயம் இல்லை, வழக்கமாக வருவது பழைய மெனுதான். ஆல்ட் தட்டி அம்புச் சாவியில் போனால் ஒவ்வொன்றாகப் படிக்கும், பக்கத்திலேயே குறுக்குவழியையும் சொல்லும். கருவிப்பட்டைக்குப் போக எஃப்6. கடிதத்தில் தலைப்புக்கு கன்ட்ரோல் 1, எஃப்5 தட்டினால் நேவிகேட்டரில் தலைப்புகள் வரிசையாக வரும். ஜாவா போட்டால்தான் ஸ்கிரீன் ரீடர் பேசும் என்று பழைய பதிவுகளில் எழுதியிருப்பார்கள். அது பத்து வருஷத்துக்கு முந்தைய கதை, நம்ப வேண்டாம்.

முக்கியமான ஒன்று. அதன் சொந்த வடிவத்தில் சேமித்து அனுப்பினால் சில பேருக்குத் திறக்காது, திட்டு உங்களுக்கு விழும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய் எப்போதும் எக்செல், வேர்ட் வடிவத்தில் சேமிக்கும்படி முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:

தம்பி சொல்வதில் பாதிக்கு மேல் சரி. கடிதம் எழுத லிப்ரே தாராளம். கணக்குக்கு எனக்குச் சம்மதமில்லை.

பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தினேன், மதிப்பெண் பட்டியல் எல்லாம் நானே போட்டேன். முதலில் ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர், அது விலை அதிகம், பிறகு என்விடிஏ. எக்செலில் தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்று இன்செர்ட், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அதற்குப் பிறகு பத்தி மாறும்போதெல்லாம் தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். "பாக்கி, 320" என்று வரும். இரண்டு தடவை அழுத்தினால் அந்த ஏற்பாடு நீங்கிவிடும். லிப்ரேயின் கணக்குப் பகுதியான கால்க்கில் இந்தச் சாவி கிடையாது. "ஜே 41, 320" என்றுதான் வரும். ஜே என்பது பாக்கியா, போனதா? பதினான்கு பத்தியையும் மனப்பாடம் செய்யப் போகிறீர்களா, தாயி?

எங்கள் அப்பச்சி ரங்கூனில் கணக்குப் பார்த்தவர். வரவும் பற்றும் இடம் மாறினால் கடை போச்சு என்பார். பார்வை உள்ளவன் தலையை நிமிர்த்தித் தலைப்பைப் பார்த்துக்கொள்வான். நமக்கு நிமிர்வதற்கு மேலே ஒன்றும் இல்லை.

முதலாளியிடம் சந்தாவை ஒரு செலவாகச் சொல்லாதீர்கள். தப்பாகப் போட்ட கல் நூறு உடைத்தால் எவ்வளவு என்று அவரையே கேளுங்கள். அதுவும் படியவில்லை என்றால் நெட்டில் ஓடும் கூகுள் ஷீட்ஸ் பாருங்கள், இலவசம். கன்ட்ரோல், ஆல்ட், இசட் அழுத்தி ஸ்கிரீன் ரீடர் ஆதரவை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், போடாவிட்டால் அதுவும் பேசாது.

பள்ளத்தூர்க்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. கூகுள் ஷீட்ஸ் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் பட்டறைக்குள் நெட் நிற்பதில்லை. தகரக் கூரை, சுற்றி மணல் மேடு. போனை வாசலில் வைத்துத்தான் பேசுகிறோம்.

நாலு நாளாக லிப்ரே ஓட்டுகிறேன். மெனு பிடித்திருக்கிறது. குரலைப் பற்றி ஒரு வார்த்தை: விண்டோஸோடு வரும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறார், வேகம் கூட்டினால் எனக்குப் பிடிபடவில்லை. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கின் தகரக் குரலுக்கே திரும்பிவிட்டேன்.

வாத்தியார் சார் சொன்னது மூன்றாம் நாளே நடந்தது. ஒரு வீட்டுக்கு 220 சதுர அடி, எட்டு அங்குலக் கல். எட்டுக்கு எட்டு என்றால் சதுர அடிக்கு 2.25 கல், ஆக 495. இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்துப் பத்தி. நான் ஒரு கட்டம் தள்ளி நின்று 495ஐச் சதுர அடி என்று எடுத்துக்கொண்டு, அதை மறுபடியும் 2.25ஆல் பெருக்கி, 1114 கல் என்று சீட்டு எழுதி உள்ளே அனுப்பிவிட்டேன். கல் போடுகிற அண்ணன் கண்ணாடிப் பலகையில் சாயம் ஊற்றப் போனவர் திரும்பி வந்து, "என்ன தங்கச்சி, ஒரு முகப்புக்கு இவ்வளவா?" என்று கேட்டார். அவர் கேட்டதால் தப்பித்தேன். பதினோரு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது, பழைய விலைக் கடிதங்களை லிப்ரே கெடுத்துவிடுகிறது போலிருக்கிறது. திறந்தால் தமிழே வரவில்லை, ஏதோ ஆங்கிலமாக உளறுகிறது. எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன். முதல் வரியில் "எஃப், ஒய், செமி" என்கிறது. ஆனால் திரையில் தமிழ் தெளிவாகத் தெரிகிறது என்கிறார் முதலாளி.

புதுவயல் மில் கணக்கு:

ஆச்சி, எனக்குக் கண் தெரியும், ஸ்கிரீன் ரீடர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் 495 கதை எங்கள் ரைஸ்மில்லிலும் உண்டு. மூட்டையும் கிலோவும் பக்கத்துப் பத்தி, லாரிக்காரர் மாற்றிப் படித்துவிட்டார். அதிலிருந்து அலகை எண்ணோடேயே ஒட்டிவிட்டோம். கையால் அடிக்கக் கூடாது, அடித்தால் கூட்டல் வராது. பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் 1 தட்டினால் கட்டத்தின் வடிவமைப்பு வரும். அதில் எண் வடிவத்துக்கான குறியீடு என்று ஒரு பெட்டி இருக்கும். 0 போட்டு, இரட்டை மேற்கோளுக்குள் ஒரு இடைவெளி விட்டு மூட்டை என்று எழுதிவிடுங்கள். உள்ளே எண்தான் இருக்கும், வெளியே "40 மூட்டை" என்று காட்டும். உங்கள் ரீடர் வெளியே தெரிவதைப் படிக்குமா?

தேவகோட்டை வாத்தியார்:

படிக்கும். இது எனக்கே தோன்றவில்லை. கல்லுக்கும் சதுர அடிக்கும் சரி, மற்றப் பத்திகளுக்கு என் வாதம் அப்படியே நிற்கிறது.

கடிதத்தை லிப்ரே கெடுக்கவில்லை. எஃப், ஒய், செமி என்றால் "கல்". அந்தப் பெண் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறது. சந்தேகமிருந்தால் அந்த வரியில் நின்று இன்செர்ட்டும் எஃப்பும் அழுத்துங்கள், எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினியில் எஃப் என்ற ஆங்கில எழுத்துக்கு "க" என்று முகமூடி போட்டிருக்கும், ஒய்க்கு "ல", செமிகோலனுக்குப் புள்ளி. கண் முகமூடியைப் பார்க்கிறது, என்விடிஏ உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தைப் படிக்கிறது. ஜே, கே, பி, ஓ, செமி என்றால் "தமிழ்". கேட்டுக் கேட்டு எனக்குப் பாதி பாமினி காதிலேயே தெரியும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எந்த ஆபிஸை வாங்கினாலும் இதைப் படிக்காது. எக்செல், வேர்ட் எல்லாம் வைத்திருந்தாலும் இதே உளறல்தான்.

எழுத்துருவை மட்டும் கணினியின் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால் போதாது, உள்ளே இருப்பதை மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் பாமினியிலிருந்து யூனிகோடு என்று கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: கடிதத்தில் நிஜ ஆங்கிலம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து அதை விட்டுவிடுங்கள். கன்வர்ட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

செக்காலைத் தம்பி:

சார், நான் தோற்றேன். அக்கா, பதினான்கு பத்தியைக் குறைக்க முடியுமா பாருங்கள். தண்ணீரில் கிடந்த நாளை அதே ஃபைலுக்குள் ஒரு தாளிலும் அனுப்பியதை இன்னொரு தாளிலும் வைத்தால், கன்ட்ரோல் பேஜ் டவுனில் மாறிக்கொள்ளலாம். ஒரு தாளுக்கு ஐந்து பத்தி என்றால் தலைப்பு தானாகவே மனதில் நிற்கும்.

பள்ளத்தூர்க்காரி:

முதலில், புதுவயல் அண்ணனுக்கு: நான் ஆச்சி இல்லை, தங்கச்சி என்றே கூப்பிடலாம். உங்கள் வைத்தியம் பலித்துவிட்டது. "495 கல்", "220 சதுர அடி" என்று அழகாகச் சொல்கிறது. முதலில் மேற்கோளுக்குள் இடைவெளி விட மறந்து, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வந்தது. அதையும் சரிசெய்துவிட்டேன். அனுப்பிய தேதிப் பத்திக்கு இது உதவாது, அது தேதி என்று கேட்டாலே தெரிகிறது, பரவாயில்லை. தம்பி சொன்னபடி மூன்று தாளாகப் பிரித்திருக்கிறேன். பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது, மதியச் சோற்றைத் தங்கை மகள் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தாள்.

முதலாளியிடம் நூறு கல் கணக்கைச் சொன்னேன், வாத்தியார் சார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இந்த சீசன் இதிலேயே ஓட்டு, தையில் பார்ப்போம்" என்றார். அவர் பாஷையில் அது ஏறக்குறைய சம்மதம். எனக்கும் இப்போதைக்குக் கால்க் போதும்.

கடிதங்கள் மொத்தம் 212. பாமினியேதான். இதுவரை நாற்பது மாற்றியிருக்கிறேன். உளறலுக்குள்ளே பத்து வருஷத்து விலையெல்லாம் அப்படியே இருக்கிறது, இத்தனை நாள் யாரிடமாவது "இதில் என்ன எழுதியிருக்கு" என்று கேட்டு நின்றதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆங்கிலத்தை விட்டுவிடச் சொன்னீர்கள், அதில்தான் ஒன்று தவறிவிட்டது. மாற்றிய கடிதத்தையே வைத்து நேற்று ஒரு புது விலைக் கடிதம் அனுப்பினேன். இன்று காலை கோட்டையூரிலிருந்து போன். வீட்டுக்கார ஆச்சி கேட்கிறார்: "எல்லாம் சரி, கடைசியில் 'புளுவு தனி' என்று போட்டிருக்கியே, புளுவு என்றால் லாரி வாடகையா?"

ஜிஎஸ்டி என்று ஆங்கிலத்தில் இருந்ததைக் கன்வர்ட்டர் தமிழாக்கியிருக்கிறது. பட்டறை முழுக்க இப்போது வரிக்கு அதுதான் பெயர்.