தெற்கே தாழ்வாக ஒரு புகை: கரீனா நெபுலாவைப் பார்த்த கதைகள்

குளக்கட்டு:

பங்குனி அமாவாசைக்கு அடுத்த நாள், இரவு பத்து மணியிருக்கும். மச்சானும் நானும் இலங்கை வன்னியில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றோம். கையில் அவன் கனடாவிலிருந்து கொண்டுவந்த பழைய பத்துக்கு ஐம்பது பைனாகுலர், அதாவது பத்து மடங்கு பெருப்பிக்கும், கண்ணாடி ஐம்பது மில்லிமீற்றர் அகலம். பார்க்கப் போனது ஓரியன் நெபுலாவை, அதாவது ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும் வாயு, தூசி மேகத்தை. ஆனால் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தபோது ஓரியன் மேற்கே மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. வந்ததுக்கு ஏதாவது பார்ப்போம் என்று தெற்கே திரும்பினோம். கட்டிலிருந்து தெற்கே முழுக்கத் தண்ணீர்தானே, ஒரு லைட் கிடையாது. அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வெள்ளைத் திட்டு. "ஆரோ காட்டுக்கு நெருப்பு வைச்சிட்டாங்கள்போல, புகை வருது" என்றான் மச்சான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அரை மணி நேரமாகியும் புகை கலையவில்லை, பக்கத்து வெள்ளிகளோடு சேர்ந்து வலப்பக்கம் நகர்ந்ததுதான் மிச்சம்.

பைனாகுலரை வைத்தேன். மா அரித்த பிறகு சுளகில் ஒட்டியிருக்குமே தூள், அப்படி ஒரு வெண்மை, அதன் நடுவே யாரோ விரலால் கோடு இழுத்துவிட்ட மாதிரி ஒரு கறுப்பு வெட்டு. அந்த வெட்டும் தூசிதான், பின்னாலுள்ள வெளிச்சத்தை மறைக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துத்தான் அறிந்தேன். பெயர் கரீனா நெபுலா, விண்பொருள் பட்டியலில் என்ஜிசி 3372. தூரம் சுமார் 7,500 ஒளியாண்டு. வானத்தில் அகலம் இரண்டு பாகை, அதாவது நான்கு முழுநிலாவை வரிசையாக வைத்த அளவு. ஓரியனை விடப் பெரிது, ஆனால் ஓரியனைத் தெரிந்த அளவுக்கு இதை ஒருவருக்கும் தெரியாது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் மலைமுகடு மாதிரி ஒன்று வந்ததே, அது இந்த நெபுலாவின் ஒரு மூலை.

படத்தில் பார்க்கிற சிவப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், கண்ணுக்குச் சாம்பல் நிறம்தான். வன்னியிலிருந்து இதைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

சிறுபோகம்:

தம்பி, நான் முத்தையன்கட்டுப் பக்கம். பெயர் சிறுபோகம் என்று வைத்திருந்தாலும் இது காலபோகத்தில் நடந்த கதை. மாசியில், கதிர் முற்றின நேரம், பரணில் காவல் இருந்தபோது. யானை வந்தால் வெடி கொளுத்துவது, வராவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நித்திரையோடு சண்டை பிடிப்பது, வேறு என்ன வேலை அங்கே. விடியப்புறம் ஒன்றரை, இரண்டு மணிக்கு நீங்கள் சொன்ன அந்தத் திட்டு நேர் தெற்கே நிற்கும். நான் அதை வருசக்கணக்காக அடுத்த வெளிக்காரர் மூட்டின தீயின் புகை என்றுதான் நினைத்திருந்தேன், ஒருமுறை அந்த ஆளிடமே போய் "ஏன் இந்தப் பனிக்குள்ளே விடிய விடிய நெருப்பு எரிக்கிறாய்" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வருசம் மகன் பைனாகுலர் தந்தான். முதல் இரவே லென்ஸ் முழுக்கப் புகார் பிடித்துவிட்டது. மாசிப் பனி லேசுப்பட்டதா? சாரத்தால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மகன் சொல்லித் தந்த ஒரு விசயம்: நேராக முறைத்துப் பார்க்கக் கூடாது, கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்தால்தான் மங்கல் வெளிச்சம் கண்ணில் ஏறும். உண்மைதான், திட்டு ஒன்றரை மடங்கு பெருத்தது.

மாங்குளம் ரீச்சர்:

சிறுபோகம் அண்ணையின் புகைக் கதையை நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

எனக்கு இந்த நெபுலாவில் பிடித்ததே கண்டுபிடித்த கதைதான். ஓரியன் நெபுலாவை 1610இல் பெரெஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார். கரீனாவுக்கு அதற்குப் பிறகு 140 வருசம் ஆனது, ஏனென்றால் பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ பார்த்தால் அது உதிப்பதே இல்லை. எட்மண்ட் ஹேலி, வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்தவர், 1677இல் சென்ற் ஹெலனா தீவுக்குப் போய்த் தென்வானத்து நட்சத்திரங்களை அளந்தார். இந்த நெபுலாவுக்கு நடுவில் இருக்கும் நட்சத்திரத்தை நான்காம் தரம், அதாவது வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் வெளிச்சம், என்று குறித்தும் வைத்தார். சுற்றியிருந்த மேகத்தை விட்டுவிட்டார்!

அதை எழுதி வைத்தவர் நிக்கோலா லூயி த லக்காய் என்ற பாதிரியார். 1751இல் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலில் போய் இறங்கி, ஒரு வருசத்துக்குள் கிட்டத்தட்ட 10,000 நட்சத்திரங்களின் இடத்தை அளந்தார். நெபுலாவைப் பார்த்தது 1752 தொடக்கத்தில். 1755இல் வெளியான அவருடைய பட்டியலில் 42 மங்கல் பொருட்கள் இருந்தன, அதில் இதுவும் ஒன்று. அவர் கையில் இருந்த தொலைநோக்கியின் முகம் அரை அங்குலம், எட்டு மடங்குதான் பெருப்பிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குளக்கட்டுத் தம்பியின் பைனாகுலரில் ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் லக்காயின் குழாயை விடப் பதினைந்து மடங்கு வெளிச்சம் பிடிக்கும். கருவி இல்லை என்று சாட்டுச் சொல்லும் என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி ஏசுவேன்.

ஒரு பிள்ளை கேட்டது, "ரீச்சர், அப்ப அது எரியுதோ?" எரியவில்லை. உள்ளே இருக்கும் சூடான இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் ஐதரசன் வாயுவைத் தாக்குகிறது, வாயு ஒளிர்கிறது. பழைய ரியூப் லைட்டுக்குள்ளும் வாயுதான், அதையும் ஒருவரும் நெருப்பு வைத்துக் கொளுத்துவதில்லையே.

தறப்பாள்:

நான் நீளமாக எழுதமாட்டேன். 2009 தை, சண்டை நடந்த நேரம், விசுவமடுவுக்குக் கிழக்கே, மழை விட்ட ஒரு இரவு, பங்கருக்குள்ளே தண்ணீர் நின்றதால் வெளியே தறப்பாளில் படுத்திருந்தோம். மூன்று மணி இருக்கும். அந்த நாட்களில் வானத்தை அண்ணாந்து பார்ப்பது கிபிர் குண்டுவீச்சு விமானம் வருகிறதா என்று அறியத்தான். தெற்கே தாழ்வாக ஒரு வெளிச்சத் திட்டு. பரா வெளிச்சம், அதாவது பரசூட்டில் இறங்கும் வெளிச்சக் குண்டு, என்று நினைத்து அம்மாவை எழுப்பினேன். பரா இறங்கி அணையும், இது அணையவில்லை. அம்மா பார்த்துவிட்டு "அது வானத்திலை இருக்கிறது, படு" என்றா. என்ன பார்த்தேன் என்று இன்றைக்கு, இந்தப் பதிவை வாசித்த பிறகுதான் தெரிகிறது.

கரைவலை:

தறப்பாள், வாசித்துவிட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் முல்லைத்தீவுக் கரை. கரீனா என்றால் லத்தீனில் கப்பலின் அடிமரம் என்று வாசித்து ஐயாவிடம் சொன்னேன். "ஏராவோ? வானத்திலை ஏரா ஏனடா" என்று சிரித்தார். முன்பு ஆர்கோ என்ற ஒரே பெரிய கப்பலாக இருந்த நட்சத்திரக் கூட்டத்தை ஏரா, பின்தட்டு, பாய் என்று பிரித்ததும் ரீச்சர் சொன்ன அதே லக்காய்தான். நம்முடைய அகத்தியர் நட்சத்திரமும் அந்த ஏராவில்தான் இருக்கிறது. ஐயாவுக்கு அகத்தியரைத் தெரியும். கப்பலைத் தெரியாது, தேவையும் இல்லை என்கிறார்.

நான் சொல்ல வந்தது நடுவில் இருக்கும் அந்த நட்சத்திரத்தைப் பற்றி. ஈட்டா கரீனா. ஜோன் ஹேர்ஷல் என்ற இங்கிலாந்து வானியலாளர் 1834இல் நன்னம்பிக்கை முனைக்கு வந்து பெரிய தொலைநோக்கியால் இந்த நெபுலாவை மாதக்கணக்காக வரைந்தார், உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். 1837 டிசம்பர் 16 அன்று பார்த்தால் ஈட்டா கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிரகாசித்து நிற்கிறது. அடுத்த வருசம் அவர் ஊருக்குப் போய்விட்டார். பாவம் மனுசன், உச்சம் வந்தது 1843 மார்ச்சில், வானத்து நட்சத்திரங்களில் ஆகப் பிரகாசமான சிரியசுக்கு அடுத்த வெளிச்சம் அதுதான்! அதைக் கல்கத்தாவில் இருந்த ஒருவர்கூடப் பார்த்து எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் அது அடிவானத்தை உரசிக்கொண்டு நிற்கும், நமக்கு அதைவிட நன்றாக உயரும். அப்படியென்றால் அந்தப் பங்குனியில் இந்தக் கரையில் வலை இழுத்தவர்கள் தெற்கே புது வெள்ளியைக் காணாமல் இருந்திருக்க முடியுமா? இதைச் சொன்னபோது மட்டும் ஐயா சிரிக்கவில்லை, எழும்பி வாசலுக்குப் போய்த் தெற்கே பார்த்தார்.

பிறகு அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கி, இப்போது திரும்பவும் மெல்லத் தெரிகிறது. உள்ளே இரண்டு நட்சத்திரங்கள் ஐந்தரை வருசத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றனவாம்.

பொங்கல்பானை:

என் அனுபவம் தோல்வி அனுபவம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன இடத்தில் பைனாகுலரோடு நின்றேன். வைகாசிப் பொங்கல் பௌர்ணமியை ஒட்டி வரும் என்ற சின்ன விசயம் பைனாகுலரைத் தூக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. நிலா, ரியூப் லைட், தூள், சனம். நெபுலா பார்த்தாயா என்று கேட்ட அக்காவுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

குளக்கட்டு:

இவ்வளவு பேர் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. பொங்கல்பானைக்காகவே வழி சொல்கிறேன். நிலா இல்லாத இரவு, சித்திரை பிறந்த கையோடு என்றால் ஒன்பது மணி தாண்டினால் போதும். தெற்கே பாருங்கள். இடப்பக்கம் தெற்குச் சிலுவை சாய்ந்து நிற்கும், வலப்பக்கம் தென்மேற்கில் அகத்தியர் இறங்கிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் இடையில், சிலுவைக்குக் கிட்டவாக, நீட்டிய கையில் இரண்டு முட்டி உயரத்தில் தேடுங்கள். சிலுவை மாதிரியே இன்னொன்று வலப்பக்கம் நிற்கும், அது பொய்ச் சிலுவை, மச்சான் அதில்தான் ஒரு மணி நேரம் ஏமாந்தான். நெபுலாவுக்குக் கீழே பைனாகுலரில் சின்னக் கார்த்திகைக் கூட்டம் மாதிரி ஒன்று வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

வாற அமாவாசைக்குக் கட்டில் நிற்போம். ரோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு வாருங்கள். கரைவலை, ஐயாவையும் கூட்டிவாருங்கள். யானை வெடி சிறுபோகம் அண்ணையின் பொறுப்பு.