ஸ்ட்ரிப் லைட்டுக்கு எத்தனை ஆம்ப்ஸ் சப்ளை? எங்கள் ஹாலில் பட்ட அனுபவம்

போன தை மாதம் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டோம். ஓரத்தில் ஓட்ட 5 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் ஒரு ரோல் வாங்கினேன். 12 வோல்ட், 5050 வகை (5 மி.மீ. சதுர பல்பு), மீட்டருக்கு 60 பல்பு. கூடவே, "5 ஆம்ப்ஸ் அடாப்டர் போதும் சார்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள்.

முதல் நாள் பளிச்சென்று எரிந்தது. அரை மணி நேரத்தில் சிமிட்ட ஆரம்பித்தது. அணையும், இரண்டு நொடியில் வரும், மறுபடி அணையும். ஸ்ட்ரிப்தான் மட்டம் என்று நினைத்து அதைக் கழற்ற ஏணியில் ஏறினேன். போகிற போக்கில் அடாப்டரைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

அப்புறம்தான் ரோல் வந்த கவரைத் தேடி எடுத்தேன். மீட்டருக்கு 14.4 வாட் என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது. 5 மீட்டருக்கு 72 வாட். 12ஆல் வகுத்தால் 6 ஆம்ப்ஸ். நான் மாட்டியிருந்ததோ 60 வாட் (12 வோல்ட் × 5 ஆம்ப்ஸ்) அடாப்டர், அதுவும் காற்றே புகாத சீலிங்குக்குள்! சப்ளையை அதன் முழு அளவுக்கு ஓட்டக்கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 90 வாட் தேவை. 100 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் சப்ளை பெட்டி) வாங்கி லாஃப்ட்டில் காற்றுப் படுகிற இடத்தில் வைத்தேன். இப்போது ராத்திரி முழுக்க எரிந்தாலும் வெதுவெதுப்புதான்.

பெரிய சப்ளை போட்டால் லைட் கருகிவிடாதா என்று அம்மா பயந்தார். ஆம்ப்ஸ் கூடுதலாக இருந்தால் ஒன்றும் ஆகாது, ஸ்ட்ரிப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வோல்ட் மட்டும் மாறவே கூடாது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு 24 கொடுத்தால் போச்சு.

*

உங்கள் அனுபவத்தைப் படித்தேன் அண்ணா. எனக்கு சப்ளை சரியாகத்தான் இருந்தது, 200 வாட். ஆனால் இரண்டு ரோலை முனையோடு முனை சேர்த்து 10 மீட்டராக ஓட்டிவிட்டேன். கடைசிப் பக்கம் மங்கிப்போய் அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஆரம்பத்தில் 12, கடைசியில் 9க்கும் கீழே. ஸ்ட்ரிப்பில் இருக்கிற செம்பு மெல்லிசு, அவ்வளவு தூரம் தாங்காது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒவ்வொரு ரோலுக்கும் தனித்தனியாக இரண்டரை ஸ்கொயர் (2.5 சதுர மி.மீ.) தடிமனான வயர் இழுத்த பிறகுதான் ஒரே மாதிரி எரிந்தது. மாடி வேலைக்கு 24 வோல்ட் ஸ்ட்ரிப்பே வாங்கிவிட்டேன். அதே வாட்டுக்குப் பாதி ஆம்ப்ஸ்தான், அதனால் இந்த வோல்ட் இறக்கம் ரொம்பக் குறைவு.

*

கடை போர்டுக்குப் போடுகிறவர்கள் இதையும் கவனியுங்கள். எங்கள் போர்டுக்குப் பின்னால் ஓட்டை ஓட்டையாக இருக்கும் தகர எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டியிருந்தார்கள், எர்த் கொடுக்கவில்லை. முதல் மழைக்கே டெர்மினலில் பச்சைப் பாசி மாதிரி பூத்துவிட்டது. ஷட்டரைத் தொட்ட பையனுக்கு சுர்ரென்று ஷாக். நல்ல வேளை, செருப்புப் போட்டிருந்தான். அன்றைக்கே கழற்றிவிட்டு, தூசியும் தண்ணீரும் புகாதபடி முழுக்க மூடிய ஐபி67 தர சப்ளை போட்டு எர்த் வயரையும் இழுத்தோம்.