ஆற்று மீன்களின் வைரஸ்கள்: கெண்டையிடமிருந்து நாட்டு மீனுக்குத் தாவாதது ஏன்?

நன்னீரன் (கேள்வி):
ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் பிடிபட்ட, நோய்க்குறி எதுவும் தென்படாத மீன்களில் புதிய வைரஸ்கள் பல இருந்ததாக 2021-இல் வெளிவந்த ஆய்வொன்றைப் படித்தேன். அப்படுகையின் சில பகுதிகளில் மீன்களின் மொத்த எடையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வந்த கெண்டைதான். அதன் வைரஸ்கள் மர்ரே காட் போன்ற நாட்டு மீன்களுக்குத் தாவியிருக்கும் என்றே எதிர்பார்த்தேன். ஆய்வோ, அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்கிறது. எப்படி? நலமாக நீந்தும் மீனில் வைரஸ் இருப்பதற்குத்தான் என்ன பொருள்?

செவுள்:
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இவ்வகை ஆய்வில் யாரும் நோயைத் தேடுவதில்லை. செவுளிலிருந்தும் ஈரலிலிருந்தும் சிறு துண்டு வெட்டி உறையவைத்து, அதிலுள்ள, மரபுச் செய்தி தாங்கும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோமுக்குரியதை நீக்கிவிட்டு, எஞ்சியதன் மரபெழுத்து வரிசையை ஒட்டுமொத்தமாகப் படிக்கிறார்கள். மீன் அரிந்தவர்களுக்குச் செவுளைத் தெரியும்: சீப்புப் பற்கள் போன்ற அந்தச் சிவப்பு இழைகளின் கோழையில் பாசித் துணுக்கும் ஒட்டுண்ணியும் சிக்கியிருக்கும். ஆகவே கிடைத்த வைரஸ் மீனுடையதா, ஒட்டுண்ணியுடையதா, மீன் தின்ற இறாலுடையதா என்பதை வைரஸ்களின் குடிவழி மரத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். முதுகெலும்பிகளின் வைரஸ்களோடு அது சேர்ந்து நின்றால் மீனுக்குரியது எனக் கொள்வார்கள். 2018-இல் இதே வழியில் மீன், தவளை, ஊர்வன ஆகியவற்றில் 214 புதிய வைரஸ்கள் தெரியவந்தன. இன்ஃபுளுயன்சாவின் உறவுகூட மீனில் அகப்பட்டது. அதற்காக மீன்குழம்பை ஒதுக்க வேண்டியதில்லை.

கரைவாசி:
முதல் கேள்விக்கு: கெண்டையின் கிளையும் மர்ரே காட்டின் கிளையும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. ஒரே நீரைக் குடித்தாலும் இரண்டின் உயிரணுக்களும் ஒன்றல்ல. ஒன்றின் கதவைத் திறக்கும் வைரஸுக்கு மற்றதன் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.

ஏரிக்காரன்:
கரைவாசி சொல்வது சரிதான், ஆனால் உறவுத் தூரத்தின் மேலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிடக் கூடாது. வட அமெரிக்கப் பேரேரிகளில் 2005-இல் ஒன்டாரியோ ஏரியின் டிரம் மீன்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற, வி.எச்.எஸ். எனும் இரத்தக்கசிவு நோய் வைரஸ், உறவில் வெகுதூரம் விலகிய 25-க்கும் மேற்பட்ட மீனினங்களில் பின்னர் காணப்பட்டது. ஆஸ்திரேலியாவிலேயே, 1980-களில் ரெட்ஃபின் பெர்ச் மீனில் கண்டறியப்பட்ட, இ.எச்.என். எனும் மீன்கொல்லி வைரஸ், ஆய்வக நீர்த்தொட்டியில் மக்குவாரி பெர்ச், சில்வர் பெர்ச் எனும் நாட்டு மீன்களையும் பற்றியது. இன்னொன்று: இந்த இ.எச்.என். ஒரு டி.என்.ஏ. வைரஸ்; அதன் மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் இருக்கிறது, பெருகும்போதுதான் அது ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும். ஆர்.என்.ஏ.வை மட்டும் படிக்கும் முறையில், அது மும்முரமாகப் பெருகும்போதுதான் தடயம் கிடைக்கும். உடலில் உறங்கிக் கிடக்கும் கெண்டை ஹெர்ப்பீஸ் வைரஸும் அப்படித்தான். எனவே 'சான்று கிடைக்கவில்லை' என்பதை, அந்த நாளில் அந்த மீன்களில் கிடைக்கவில்லை என்றே நான் படிப்பேன்.

நன்னீரன்:
இருவருக்கும் நன்றி. 'தாவவில்லை' என்று நானே மனத்தில் திருத்தி வாசித்திருக்கிறேன். அந்த ஆய்வில் எந்தெந்த உறுப்புகளிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்பதை இப்போது மீண்டும் பார்க்கிறேன்.