பதில்: குறுந்தொலைவு ஈர்ப்பில் லாம்டாவுக்கு ‘வீச்சு’ வேண்டாம், ‘தேய்தொலைவு’ என்போம்

நண்பர்களே, வணக்கம்.

மிகச் சிறிய தொலைவுகளில் ஈர்ப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து பார்க்கும் துறைக்கு ‘குறுந்தொலைவு ஈர்ப்பு’ என்ற தமிழ்ப்பெயர் இந்த இழையில் முடிவானதில் மகிழ்ச்சி. ‘நுண்ணீர்ப்பு’ என்றிருந்தால் விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அங்கே தேடப்படும் புதிய, கூடுதல் விசை எவ்வளவு தொலைவில் தேய்கிறது என்று குறிக்கும் லாம்டாவுக்கு, இங்கே முன்மொழிந்த ‘வீச்சு’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பள்ளிப் பாடநூல்களில் வீச்சு என்றால் அலைவின் உயரம். எறிபொருளுக்கு வரும் ‘நெடுக்கம்’ என்பதும் இங்கே பொருந்தாது, ஏனென்றால் இந்தக் கூடுதல் விசை ஓரிடத்தில் போய் விழுந்து முடிவதில்லை.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏட்-வாஷ் என்ற ஈர்ப்பு ஆய்வுக் குழு 2020-இல் வெளியிட்ட முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய இழையில் தொங்கும் பிளாட்டினத் தகட்டுக்குக் கீழே இன்னொரு பிளாட்டினத் தகடு சுழல்கிறது, மின்விசை குறுக்கிடாமல் நடுவில் ஒரு மெல்லிய உலோகத் திரை, மேல்தகடு எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதுதான் அளவீடு. இடைவெளி 52 மைக்ரோமீட்டர் வரைதான் குறைந்தது. ஆனால் ஈர்ப்புக்குச் சமமான வலுவோடு ஒரு புதிய விசை இருந்தால் அதன் லாம்டா 38.6 மைக்ரோமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டையும் வெறும் ‘தொலைவு’ என்று எழுதினால், 52-க்குக் கீழே போகாதவர்கள் 38.6 பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று எந்த மாணவரும் கேட்பார், கேட்கவும் வேண்டும். பதில் இதுதான்: நியூட்டனின் ஈர்ப்பு நிலையாற்றலோடு ஒப்பிட்டால், அதனுடன் சேரும் அந்தக் கூடுதல் பங்கு ஒவ்வொரு லாம்டா தள்ளிப் போகும்போதும் ஏறத்தாழ 37 விழுக்காடாகத் தேய்கிறது, ஒரேயடியாக அறுந்துவிடுவதில்லை. லாம்டா 38.6 என்றால் 52-இல்கூட நாலில் ஒரு பங்கு மிஞ்சும், இந்த முறுக்குத் தராசுக்கு அது எட்டிவிடும்.

அதனால்தான் ‘தேய்தொலைவு’ என்கிறேன். தேய்மானம், உராய்வு என்ற நினைப்பு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தேய்பிறை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அப்படி வராது. வாக்கியத்திலும் நன்றாகவே உட்காருகிறது: “புதிய விசையின் தேய்தொலைவு 38.6 மைக்ரோமீட்டருக்குக் கீழ்.”

ஒன்று மட்டும் கலக்கக் கூடாது. 1998-இல் அர்க்கானி-ஹமேத், டிமோபுலோஸ், துவாலி என்ற இயற்பியலாளர்கள் முன்வைத்த கூடுதல் பரிமாணங்களில் வருவது லாம்டா அல்ல, அந்தப் பரிமாணங்கள் சுருண்டிருக்கும் சுருளின் ஆரம். அப்படி இரண்டு பரிமாணங்கள் இருந்தால், அந்த ஆரத்தைவிட மிகக் குறைந்த தொலைவில் விசை தொலைவின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதற்கு ‘சுருள் ஆரம்’ போதும்.

அப்புறம், ஆல்ஃபாவுக்கு ‘வலுவிகிதம்’ சரிவருமா? புதிய விசைக்கும் ஈர்ப்புக்கும் உள்ள விகிதம்தானே அது. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.