பழைய கண்ணாடி மேசைக்குப் புது நிறம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

கரடிப்போக்கு அக்கா:

மகளுக்குத் தனி அறை கிடைத்த கையோடு முகம் பார்க்கிற கண்ணாடி மேசையும் வேண்டும் என்றாள். புதிது வாங்குகிற விலையா இப்போது? பரந்தனில் வெளிநாடு போகிற ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். மூன்று லாச்சி, ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்த கண்ணாடி, மேலே இருட்டு நிறத்தில் வார்னிஷ். பேரம் பேசி லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

மகள் கேட்டது வெள்ளை. பெயின்ற்றும் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக் கதவு, யன்னல் போட்ட ஓடாவியாரைத்தான் கூப்பிட்டேன். வந்தவர் ஒன்றும் பேசாமல் மேசையைச் சுற்றி வந்தார். ஒரு லாச்சியைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வளவுக்குள் கிடந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து வந்து, மேல்பலகையின் மூலையில் உள்ளங்கை அளவு இடத்தைச் சுரண்டினார். தோளில் கிடந்த துவாயின் நுனியைத் தண்ணீரில் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தார். அந்த இருட்டுக்குள் இருந்து மஞ்சள் எழும்பியது. சும்மா மஞ்சள் இல்லை, தலையைச் சரித்துப் பார்த்தால் கூறைச்சேலை மடிப்பு மாதிரி குறுக்கே குறுக்கே மினுங்கியது.

“முதிரை, பிள்ளை. இதுக்கு வெள்ளை அடிக்க எனக்குக் கை வராது” என்றார்.

கூலியைக் கூட்டித் தாறேன் என்றேன். “காசுக்காகச் சொல்லேல்லை” என்றுவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துப் போய்விட்டார்.

பிறகு நானும் மகளுமாகத்தான் செய்தோம். கால்களும் பக்கப் பலகைகளும் வெள்ளை. மேல்பலகையையும் லாச்சி முகங்களையும் சுரண்டி, வார்னிஷ் மட்டும் பூசினோம். எங்களுக்கு வடிவாகத்தான் இருக்கிறது. ஓடாவியார் இப்போதும் கூப்பிட்ட வேலைக்கு வருகிறார், அந்த அறைப் பக்கம் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. அதுதான் மனதை அரிக்கிறது. காசு கொடுத்து வாங்கின சாமானுக்கு விரும்பின நிறம் அடிக்கக் கூடாதா? உங்களில் ஆருக்கும் இப்படி நடந்ததா?

ஒட்டுசுட்டான் தம்பி:

நிறத்தைப் பற்றி எனக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது அக்கா. என்னுடைய கதை வேறு.

கனகராயன்குளத்தில் ஒரு வயதான அம்மாவிடம் லாச்சி அலுமாரி வாங்கினேன். பாலை மரம், இரண்டு பேர் பிடித்தும் தூக்க முடியாத பாரம். பக்கப் பலகையில் சுண்டுவிரல் போகிற அளவில் ஓர் ஓட்டை, அதற்குள் சவர்க்காரம் அடைத்திருந்தது. உளுத்த இடமாக்கும் என்று சவர்க்காரத்தைத் தோண்டி எடுத்தேன். குறடு கடினமான ஒன்றில் முட்டியது. நெம்பி எடுத்தால் செல் துண்டு. நகத்தளவு இரும்பு, ஒரு பக்கம் கிழிந்து கூராக இருந்தது.

இங்கே மரம் அரிகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சண்டை நடந்த இடத்து மரம் என்றால் இரும்பு கிடக்குதா என்று பார்க்காமல் வாளில் ஏற்ற மாட்டார்கள், ஒரு துண்டு பட்டாலே வாள் போய்விடும். ஆனால் அலுமாரிக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

அதே பலகையைத் தேய்த்த தூளையும் மரப்பசையையும் குழைத்து ஓட்டையை அடைத்தேன், காய்ந்தபின் தேய்த்து இளம் பச்சை அடித்தேன். கை வைத்தாலும் இடம் தெரியாது. அதுக்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மா வந்தா. ஒரு லாச்சியின் சாவி தன்னிடமே நின்றுவிட்டதாம், அதைத் தருவதற்காக பஸ் ஏறி வந்திருக்கிறா. வந்தவ அலுமாரியின் பக்கப் பலகையைத் தடவினா.

“இதில ஒரு ஓட்டை இருந்ததே தம்பி?”

“அடைச்சிட்டன் அம்மா.”

“நல்லது. ஜெயசிக்குறுச் சண்டை நேரம் அதுக்கு அங்காலதான் பிள்ளையளைப் படுக்க வைச்சிருந்தனான்.”

அவ்வளவுதான். கீழ் லாச்சியின் பூட்டு இறுகும், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அந்த இரும்பை நான் எறியவில்லை, மேல் லாச்சிக்குள் கிடக்கிறது. அன்றைக்கு எடுத்துக் காட்டியிருக்க வேணுமா, வேண்டாமா? இன்றைக்கும் எனக்கு முடிவு வரவில்லை.

வவுனியா ஹாட்வெயார்:

கரடிப்போக்கு அக்கா, ஓடாவியார் சொன்னதை மனதில் வைத்திருக்காதீங்கோ. மரத்துக்கு எது பூசினாலும் பாதுகாப்புத்தான். வெள்ளை அடித்த முதிரை கெட்டுப்போவதில்லை, வேண்டாம் என்றால் உரிக்கலாம். ஆனால் நீங்கள் தப்பியது அதிர்ஷ்டம். ஏனென்று சொல்கிறேன்.

கடைக்கு ஒரு பெடியன் லாச்சியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தான். வெள்ளை அடித்த லாச்சி, முகமெல்லாம் இளஞ்சிவப்புத் திட்டு. “அண்ணை, நாலாம் தரமும் அடிச்சிட்டன், திரும்பத் திரும்ப வருது. ஞாயிற்றுக்கிழமை கலியாணம்” என்றான். முகம் செத்துப்போயிருந்தது. நான் கொடுத்த சாமானோடு போனவன் பிறகு வரவேயில்லை. சரிவந்ததோ இல்லையோ, தெரியாமல் இருப்பது எனக்குக் கரைச்சலாக இருக்கிறது.

அந்தத் திட்டு எங்கிருந்து வருகிறது? பழைய பொலிஷில் கலந்த சிவப்புச் சாயம். மகோகனி என்றால் மரமே கசியும். மேலே எத்தனை தரம் வெள்ளை அடித்தாலும் ஊறி வரும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும், அதற்கு அரக்கு நல்லது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லியதாக இரண்டு தரம் பூசிக் காயவிட்டு, அதுக்கு மேலே பெயின்ற் அடியுங்கோ.

ஆனால் அதுக்கும் முதல் கழுவவேணும். கண்ணாடி மேசை என்றால் வருசக்கணக்காகத் தலைக்குப் பூசின தேங்காய் எண்ணெய், பவுடர், பொட்டுப் பசை எல்லாம் பலகைக்குள் ஊறிக் கிடக்கும். அதற்கு மேல் பெயின்ற் அடித்தால் அங்கங்கே குழி குழியாக விலகி நிற்கும். சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணியைப் பிழிந்து துடையுங்கோ. பலகையில் தண்ணீர் தேங்க விடாதீங்கோ. காய்ந்த பிறகு திண்ணர் தொட்ட துணியால் ஒரு தரம். பிறகு 120 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பர், அதுக்குப் பிறகு 240. இரண்டையும் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகத் தேய்க்கவேணும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் பெயின்ற் அடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பழைய பூச்சு என்னவென்று தெரியாவிட்டால் மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கோ. பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் திண்ணருக்குக் கரைந்தால் லக்கர்.

எங்கள் பக்கத்தில் காலமும் பார்க்கவேணும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் லக்கர் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பனிப்புகார் மாதிரிப் படரும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று கொண்டுவருகிற புழுதி முழுக்க ஈரப் பெயின்ற்றில்தான் குந்தும். அவசரம் என்றால் விடியப்புறம், முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கோ. பொறுக்க முடிந்தால் மாசி, பங்குனி.

இன்னொன்று. மாரியில் லாச்சி இறுகினால் உடனே சீவுளி போடாதீங்கோ. மரம் ஈரத்துக்கு ஊதும், கோடையில் சுருங்கும். மாரியில் சீவின லாச்சி கோடையில் கடகடவென்று ஆடும். மெழுகுதிரியை ஓடுபாதையில் தேய்த்தால் போதும். ஆளி விதை எண்ணெய் பூசின துணியைக் கசக்கி மூலையில் போடவும் வேண்டாம், தானாகவே சூடேறி நெருப்புப் பிடிக்கும். விரித்துக் காயவிட்டுத்தான் எறியவேணும்.

முள்ளியவளை மருமகள்:

வவுனியா அண்ணை, குறை நினைக்காதீங்கோ. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் வாங்கினால் பழைய மேசையின் விலையைத் தாண்டிவிடும். 2022 க்குப் பிறகு ஒரு பெயின்ற் டின்னைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற ஆட்கள்தான் இங்கே கனபேர். எல்லார் வீட்டிலும் முதிரையும் பாலையும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது அமுக்கின மரத்தூள் பலகையில் செய்த கண்ணாடி மேசை. அதுவும் இரண்டாம் கை.

2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கும்தானே, இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த கிழமை. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறி வற்றியது. மேசையின் அடிப்பக்கம் பொருமி வெடித்திருந்தது. பெருவிரலால் அமத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது, ஈரத்தூள் காலடியில் கொட்டியது. அந்தப் பலகைக்கு ஒரு வைத்தியமும் இல்லை, ஊதினது ஊதினதுதான். காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது.

கொழுந்தன் ஊதின பகுதியை நேராக வாளால் அரிந்து தள்ளினான். வேலி ஓரம் கிடந்த பனஞ்சலாகைத் துண்டு இரண்டை அடியில் குறுக்கே போட்டு மேசையை உயர்த்தினோம். பனைக்குக் கறையான் லேசில் ஏறாது. உடைந்த கைபிடிகளைக் கழற்றிவிட்டு, முல்லைத்தீவுக் கடற்கரையில் ஆரோ கழித்துப்போட்ட கரைவலைக் கயிற்றை வெட்டி, இரண்டு ஓட்டைக்குள்ளால் இழுத்து உள்ளே முடிச்சுப் போட்டேன். வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சின நீலத்தைத்தான் மேசைக்கும் அடித்தேன். வழுவழுப்பான மேற்பரப்பை முதலில் சாண்ட் பேப்பரால் கீறி மங்க வைக்கவேணும், இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும். சுவர்ப் பெயின்ற்றுக்கு மேலே தெளிந்த வார்னிஷ் ஒரு கை. வார்னிஷ் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கினது.

நான் சொல்ல வந்தது இதில்லை. மேசை முடிந்ததும் கீழ் லாச்சியை மாமிக்கு என்று ஒதுக்கினேன். மாமியின் அடையாள அட்டை, காணி உறுதி, மாமாவின் மரணச் சான்றிதழ் எல்லாம் ஒரு துணிப்பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பையை எடுத்து நானே லாச்சிக்குள் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் பை திரும்ப ஆணியில்.

“லாச்சிக்குள்ள வைச்சா எடுக்க நேரமிராது பிள்ளை” என்றா.

நான் பதில் சொல்லவில்லை. அந்த லாச்சி இப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. வேறு சாமான் வைக்க எனக்கும் மனம் வருவதில்லை.

உருத்திரபுரம் ரீச்சர்:

எல்லாரும் தேய், தேய் என்கிறீர்கள். பழைய பெயின்ற் என்றால் கவனம். இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்துக்கு எல்லை வைத்த சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2013 இல்தான். அதுக்கு முந்தின பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்கக்கூடும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழாம் மாசத்தில், பழைய மஞ்சள் லாச்சி மேசையை விறாந்தையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தா. மூத்த குழந்தை பாயில் இருந்து அந்த மஞ்சள் தூளில் விரலால் கோடு கீறுகிறது, விரலை வாயில் வைக்கிறது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டேன். அவவுக்குக் கோபம், இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதற்காக நான் பேசாமல் இருந்திருக்க முடியாது. பழைய பெயின்ற் இறுக்கமாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம், கழுவி அதற்கு மேலேயே அடியுங்கோ. உரிகிறது என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற பேப்பரால் ஈரமாகவே தேய்த்து, வழிகிற கரைசலைத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டி எறியுங்கோ. முகமூடி கட்டாயம். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

கரடிப்போக்கு அக்கா:

ரீச்சர், எங்களுடையது வார்னிஷ்தான், ஆனாலும் சொன்னது நல்லது. வவுனியா தம்பி, மரம் கெடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஓடாவியாருக்கு அது தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? முதிரை வெட்டவும் ஏற்றவும் இப்போது எத்தனை அனுமதி வேணும்? அவருடைய காலத்தில் கையால் இழைத்த மரம், இனி அவர் கைக்கு அது வருமோ தெரியாது. அந்த ஆள் மேசையைத் தடவின விதத்தை நீங்கள் நின்று பார்த்திருந்தால் ‘உரிக்கலாம்’ என்று இவ்வளவு லேசாகச் சொல்லமாட்டீர்கள்.

ஒட்டுசுட்டான் தம்பி, என்னைக் கேட்டால் அந்த அம்மாவிடம் இரும்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. வைத்திருக்கிறதா எறிகிறதா என்று அவ சொல்லட்டும்.

மற்றது, எங்கள் மேசைக் கண்ணாடியின் கறுப்புப் புள்ளிக்கு என்ன செய்யலாம்? மகள் அதுக்குள் முகம் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

ஒட்டுசுட்டான் தம்பி:

கண்ணாடியின் பின்பூச்சை ஈரம் தின்றால்தான் அக்கா அந்தப் புள்ளி. வீட்டில் வைத்துத் திருத்த ஏலாது. சட்டத்தை வைத்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் மாற்றுங்கோ, கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். அளவைப் பின்பக்கப் பள்ளத்துக்குள் எடுங்கோ. முன்பக்கம் தெரிகிற அளவுக்கு வெட்டினால் சட்டத்தில் பிடித்து நிற்காமல் விழுந்துவிடும். பின்னால் அடைக்கிற பலகை கண்ணாடியில் முட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டால் மாரி ஈரம் தேங்காது.

அம்மாவிடம் போகிறேன். கையில் எடுத்துக்கொண்டு போவேன், கேட்டால்தான் காட்டுவேன்.